பனியனில் யார் பெயர்?



நம் பக்கத்து வயல்களில் ஓடும் மாசி பெர்குசன் டிராக்டரைத் தெரியாதவர் இல்லை. ஒரு காலத்தில் மண்டி முதலாளிமார் வீட்டு வாசலில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் நம் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிராக்டரைச் சென்னையின் டாஃபே நிறுவனம் செய்து வருகிறது. காரைச் செய்தது, பிற்பாடு மூடப்பட்ட, சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். இரண்டின் பூர்வீகத்தையும் தேடிப் போனால் ஒரே ஊரில் போய் நிற்போம். அது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் கவென்ட்ரி நகரம்.

அந்த ஊரைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். அவசியம் இருக்கிறது. வருகிற பொங்கலுக்கு நம் ஊர்க் கபடிக் குழுவின் பனியனில் எந்தப் பெயரை அச்சடிப்பது என்ற பேச்சு சென்ற மாதக் கூட்டத்தில் வந்தது. வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். "சும்மா வருவதை ஏன் விட வேண்டும்?" என்றார்கள் சிலர். "நம் பிள்ளைகள் நெஞ்சில் அந்நியன் பெயரா?" என்றார்கள் சிலர். முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. கவென்ட்ரிக்காரர்கள் இதே கேள்வியை நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பார்த்தவர்கள். அவர்கள் பட்டறிவை நாம் செலவில்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

தொழிற்சாலையில் பிறந்த குழு

கவென்ட்ரி ஒரு கார் ஊர். ஜாகுவார், டிரயம்ப், ஹில்மேன் முதலிய பெயர் பெற்ற கார்கள் அங்கே உருவானவை. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவும் தொழிற்சாலைக்குள் பிறந்ததுதான். சிங்கர் என்ற சைக்கிள் கம்பெனியின் தொழிலாளிகள் 1883-ல் தொடங்கிய குழு அது. 1898-ல் கவென்ட்ரி சிட்டி என்று பெயர் மாறியது. வான நீலச் சட்டை அதன் அடையாளம். 1967 முதல் 2001 வரை 34 வருடங்கள் இங்கிலாந்தின் முதல் வரிசைக் குழுக்களுள் ஒன்றாக ஆடியது. 1987 மே மாதம் லண்டனின் டாட்டன்ஹாம் குழுவை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தது.

இப்படிப்பட்ட ஊரில் தொழிற்சாலை, ஆட்டக் குழு, கடைத்தெரு மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். சம்பளம் வந்தால்தான் ஆட்டத்துக்கு டிக்கெட், சம்பளம் வந்தால்தான் கடையில் பாக்கி அடையும். கடை வைத்திருக்கிற நமக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர் வந்த கதை

1970-களில் பிரிட்டிஷ் கார் தொழில் சரியத் தொடங்கியது. கவென்ட்ரியை ஒட்டிய ரைட்டன் என்ற இடத்துத் தொழிற்சாலை அதற்கு முன்பே அமெரிக்கக் கிரைஸ்லரிடம் போயிருந்தது. 1978-ல் கிரைஸ்லர் தன் ஐரோப்பியத் தொழிலைப் பிரான்சின் பியூஜோ நிறுவனத்திடம் கொடுத்தது. பியூஜோ அந்தக் கார்களுக்கு டால்பாட் என்ற பழைய பெயரைச் சூட்டியது. 1980-ல் டிரயம்ப் கார் செய்த கேன்லி ஆலையில் கார் உற்பத்தியே நின்றது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது.

அந்த நெருக்கடியில், 1981-ல், டால்பாட் கம்பெனி கால்பந்துக் குழுவுக்கு ஸ்பான்சராக வந்தது. சட்டையின் நெஞ்சிலே சின்னதாகப் பெயர் போட்டதோடு நிற்கவில்லை. கம்பெனியின் 'டி' எழுத்தையே சட்டை முழுவதற்குமான வடிவமாக்கிவிட்டார்கள். குழுவின் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் இன்னும் ஒருபடி மேலே போய், குழுவின் பெயரையே 'கவென்ட்ரி டால்பாட்' என்று மாற்ற முனைந்தார். கால்பந்து லீக் அதற்கு அனுமதி தரவில்லை.

போர்டில் பாதி இடம் கேட்ட கம்பெனிக்கு நம் கடைப் பெயரையே எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கப் பார்த்தது. தப்பித்தார்கள். ஏனென்றால், டால்பாட் என்ற பெயரே சில வருடங்களில் கார் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. ஊர் இன்றும் இருக்கிறது, குழுவும் இருக்கிறது.

ஆனாலும் பியூஜோவைக் குறை மட்டுமே சொல்லிவிட முடியாது. ரைட்டனில் 1985 முதல் 309 என்ற காரைச் செய்தார்கள். 1990-களில் நம் நாட்டில் பிரீமியர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து விற்றார்களே, அதே கார். பிறகு 405, 306, 206 என்று வரிசையாக வந்தன. கவென்ட்ரித் தொழிலாளிகளின் வீட்டில் அடுப்பெரிந்தது. 1990-களில் குழுவின் சட்டையிலும் பியூஜோ பெயர் இருந்தது. பிரெஞ்சுப் பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் அச்சடித்த சம்பளக் கவர்தான் ஊர்க் கடைகளில் உடைந்து சில்லறையானது. அந்நியப் பெயர் என்று ஊர் அதைத் தள்ளிவைக்க முடியுமா?

1997-ல் இன்னொரு மாற்றம். பியூஜோ போய், ஜப்பானின் சுபாரு பெயர் சட்டையில் ஏறியது. சுபாருவுக்குக் கவென்ட்ரியில் தொழிற்சாலை இல்லை, பிரிட்டனிலேயே இல்லை. வேற்று நாட்டில் செய்த காரைக் கப்பலில் கொண்டுவந்து விற்றவர்கள். பியூஜோவும் வெளிநாடு, சுபாருவும் வெளிநாடு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று ஊருக்குள் கூலி கொடுத்த பெயர். மற்றது ஊருக்குள் விளம்பரம் மட்டும் செய்த பெயர். இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பெயர் கைவிட்ட கதை

சரி, உள்ளூர்ப் பெயர் என்றால் கடைசிவரை நிற்குமா? அதையும் பார்ப்போம்.

குழுவுக்குப் புது மைதானம் கட்டும்போது அதற்கு ஜாகுவார் பெயர் வைப்பதாக ஏற்பாடு. கவென்ட்ரியின் பெருமை ஜாகுவார். ஆனால் 1989-லேயே அதை அமெரிக்க ஃபோர்டு நிறுவனம் வாங்கியிருந்தது. 2004 செப்டம்பரில், கவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் கார் பூட்டும் வேலை நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதே வருடம் டிசம்பரில் மைதானப் பெயர் ஒப்பந்தத்திலிருந்தும் ஜாகுவார் விலகிக்கொண்டது. ஆலையை மூடிவிட்டு மைதானத்தில் பெயர் எழுதினால் ஊர் என்ன நினைக்கும்? கடைசியில் ஜப்பானின் ரிகோ என்ற நகலெடுக்கும் இயந்திரக் கம்பெனி பெயரோடு 2005-ல் மைதானம் திறந்தது.

அடுத்த வருடம் இன்னொரு அடி. 2006 ஏப்ரலில் ரைட்டன் ஆலையையும் மூடப்போவதாகப் பியூஜோ அறிவித்தது. சுமார் 2,300 பேருக்கு வேலை போயிற்று. ஸ்லோவாகியா நாட்டில் புதிய ஆலை தயாராகியிருந்தது. பியூஜோ கார்களை வாங்காதீர்கள் என்று தொழிற்சங்கங்கள் பிரசாரம் செய்தன. சில வருடங்களுக்கு முன் நெஞ்சில் தாங்கிய பெயரை இப்போது புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்த டிசம்பரில் கடைசிக் கார் வெளியே வந்தது.

ஆக, ஒரு கம்பெனி அந்நியமாவது அது வந்த நாளில் அல்ல, கைவிட்டுப் போகிற நாளில். ஊர்ப் பெருமையான ஜாகுவாரும் இதில் தப்பவில்லை.

கடை இடம் மாறினால்

ஸ்பான்சர்கள் இப்படி மாறி மாறி வந்தபோதும் ரசிகர்கள் நீலச் சட்டையை விடவில்லை. ஆனால் 2013-ல் மைதான வாடகைத் தகராறு முற்றி, குழுவின் நிர்வாகம் ஆட்டங்களைச் சுமார் 35 மைல் தள்ளி நார்தாம்ப்டன் என்ற ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. பத்தாயிரத்துக்கு மேல் வந்த கூட்டம் சராசரியாக இரண்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. குழு அதே குழு, சட்டை அதே நீலம். ஆனால் ரசிகர்கள் டிக்கெட் வாங்க மறுத்துவிட்டார்கள். சிலர் அந்த ஊர்வரை போயும் உள்ளே நுழையாமல், மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்று ஆட்டம் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் குழு சொந்த ஊருக்குத் திரும்பியது. முதல் ஆட்டத்துக்கே 27,000-க்கு மேல் கூடிவிட்டார்கள்.

வணிகர்களே, இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டுமா? பனியனில் எந்தப் பெயர் வந்தாலும் பொறுத்துக்கொண்ட ஜனங்கள், ஊரை விட்டுப் போனதை மட்டும் பொறுக்கவில்லை. அவர்களுடைய விசுவாசம் பெயரில் இல்லை, இருப்பில் இருந்தது.

அங்கே நாம்தான் அந்நியர்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008-ல் ஜாகுவாரையும் லேண்ட்ரோவரையும் ஃபோர்டிடமிருந்து வாங்கியது நம் டாடா மோட்டார்ஸ். அதன் தலைமை அலுவலகம் கவென்ட்ரியின் விட்லி பகுதியில் இருக்கிறது. அதாவது, கவென்ட்ரிக்காரர் பார்வையில் வெளிநாட்டு முதலாளி யார்? நாம்தான்! இந்தியன் வாங்கிவிட்டான் என்று நாம் மார்தட்டியபோது, அங்கே ஒரு மளிகைக் கடைக்காரர், இவர்களாவது ஆலையை நடத்துவார்களா, நம் பற்று வரவு தொடருமா என்றுதான் யோசித்திருப்பார்.

2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா நிறுவனம் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட்ரோவர் கார்களும் அங்கே உருவாகும் என்று அறிவித்தார்கள். நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பிரவுன்ஸ் லேன் கூடத்தை நிறுத்திய அதே ஃபோர்டு, மறைமலைநகர் ஆலையிலும் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியதை நாம் மறந்துவிடக் கூடாது. வருகிற கம்பெனிக்கு மாலை போடுவோம். ஆனால் நம் ஊர்ப் பெயரை அதன் பெயரில் கரைத்துவிட வேண்டாம்.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் கசப்பான உண்மை இது.

நம் கபடிக் குழுவின் பனியனில் பல வருடங்கள் உள்ளூர் நூற்பாலையின் பெயர் இருந்தது. 2003-ல் மில் மூடியது. எத்தனை கடைகளில் பற்று நோட்டு அப்படியே நின்றது என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். நம் மண்டியிலும் வராத பாக்கி உண்டு. அந்த வருடம் மார்கழியில் நாலைந்து இளைஞர்கள் நம் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, மில்லு மூடிட்டாங்க. இந்த வருசம் பனியனுக்குச் சங்கம் ஒதவணும். அஞ்சாயிரம் இருந்தாப் போதும்" என்றார்கள்.

நாம் அன்று சங்கப் பொருளாளர். "யாவாரமே படுத்துக் கிடக்கு தம்பி, அடுத்த வருசம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்கள் குளிர்பான ஏஜெண்டிடம் போனார்கள். அவர் மறுநாளே பணம் கொடுத்தார். பொங்கல் அன்று பனியனைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பயல்களுக்கு ஊர்ப்பற்று இல்லை" என்று மேடையிலேயே பேசியவர்களில் நாமும் ஒருவர். ஐயாயிரம் ரூபாய் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அப்படிப் பேச என்ன யோக்கியதை இருந்தது? இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

2017 மார்ச் முதல் தேதியிலிருந்து கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. நாமும் கை தூக்கினோம். அந்த உறுதி நம் கடைகளில் எத்தனை மாதம் நின்றது என்பதை அவரவர் மனசாட்சியிடம் விட்டுவிடுவோம். ஆற்று நீரை எடுக்கிறார்கள் என்ற கோபம் நியாயமானது. அந்த ஆலைகளில் மூட்டை தூக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தான் என்பதும் உண்மை. கோஷம் போடுவது சுலபம். அதற்கு உரிய செலவை ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.

ஆகவே, வரும் கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைக்கிறோம். சங்க உறுப்பினர்கள் கடைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்போம். பனியனின் முன்பக்கம் ஊர்ப் பெயரும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'கடைவீதி வணிகர்கள்' என்றும் இருக்கட்டும். குளிர்பான ஏஜெண்டு நமக்கு விரோதி அல்ல. அவரும் நம்மோடு வியாபாரம் செய்பவர். மைதான ஓரத்தில் தட்டி கட்டிக்கொள்ளட்டும், பரிசுக் கோப்பைக்குப் பணம் தரட்டும், நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். பிள்ளைகளின் நெஞ்சு மட்டும் விலைக்கு வேண்டாம்.

இதை ஒரு வருடத்தோடு நிறுத்தவும் கூடாது. வியாபாரம் நன்றாக இருக்கிற வருடத்தில் யாரும் கொடுப்பார்கள். மில் மூடிய வருடத்தில் கொடுத்திருந்தால்தான் நாம் ஊர்க்காரர்கள். அன்று தவறவிட்டோம். இந்த முறை நம் கடையின் ஐந்நூறை முதல் வரவாக வைத்துக் கணக்கைத் தொடங்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.