கண்ணும் கணினியும்: விழித்திரையைப் படிக்கும் இரு வழிகள்

போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் தரம் பிரிக்கும் பெண்களின் முன்னே காய்கள் குவிந்து கிடக்கும். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி தொட்ட காய் ஆகியவற்றை அவர்களுடைய விரல்கள் நொடிப்பொழுதில் ஒதுக்கிவிடும். எதைக் கண்டு ஒதுக்கினீர்கள் என்று வினவினால், "பார்த்தாலே தெரியுமே" என்பார்கள். அவ்வாறு பார்த்தவுடன் தெரிவதற்குள் கண்ணும் மூளையும் செய்து முடிக்கும் வேலை மிகப் பெரிது.

கண்ணின் உட்புறத்தில் பின்சுவரைப் போல அமைந்திருப்பது விழித்திரை. அதிலுள்ள கோடிக்கணக்கான ஒளியுணர் செல்கள் ஒளியை மின்குறிப்புகளாக மாற்றுகின்றன. அக்குறிப்புகள் பார்வை நரம்பின் வழியே மூளையின் பின்பகுதியைச் சென்றடைகின்றன. அங்குள்ள நரம்பு செல்களில் பல, ஒரு குறிப்பிட்ட சாய்வில் அமைந்த விளிம்புகளுக்கு மட்டுமே கிளர்ச்சியடைகின்றன. இதனைக் கண்டறிந்த டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். விளிம்புகள் சேர்ந்து வடிவமாகவும், வடிவங்கள் சேர்ந்து பொருளாகவும் அடுத்தடுத்த நிலைகளில் உருப்பெறுகின்றன.

கணினிக்கோ ஒரு படம் என்பது எண்களின் அட்டவணை மட்டுமே. அதன் நிரலிலும் அடுக்கடுக்கான நிலைகள் உண்டு. முதல் அடுக்கு விளிம்புகளையும், மேலடுக்குகள் சிக்கலான வடிவங்களையும் பிரித்தறிகின்றன. இவற்றை யாரும் விதிகளாக எழுதித் தருவதில்லை. விடை தெரிந்த படங்களைக் காட்ட, ஒவ்வொரு பிழைக்கும் தன் உள்கணக்கைத் திருத்தித் திருத்தி அது கற்கிறது. சில பூனைகளைப் பார்த்த குழந்தை புதிய பூனையை அடையாளம் கண்டுகொள்ளும். கணினிக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும்.

இக்கல்வி நம் பகுதி மக்களுக்கும் பயன் தந்துள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985 முதல் தேனியிலும் இயங்கிவருகிறது. அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களையும் கொண்டு, நீரிழிவால் வரும் விழித்திரை நோயைக் கண்டறியக் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு நிரலைப் பயிற்றுவித்தனர். சுமார் 1,28,000 படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துத் தரம் குறித்தனர். ஒவ்வொரு படமும் குறைந்தது மூன்று முறை பார்க்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவுகளில், அந்நிரல் கண் மருத்துவர்களுக்கு இணையாக நோயை இனங்கண்டது.

ஆயினும் கற்பித்ததை மட்டுமே கருவி காணும். கண்புரையால் மங்கிய படத்தை அது சரிவரப் படிக்க இயலாது. நோயாளியின் முகத்தையும் முன்வரலாற்றையும் அது அறியாது. ஆகவே கருவி இனம்பிரித்துத் தருகிறது. நோயாளியை முழுமையாகப் பரிசோதித்துச் சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவரே.

இங்கே நாம் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. மூளை அதனைச் சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு நிரப்பிவிடுவதால் நாம் அதை உணர்வதில்லை. விழித்திரை நோயும் தொடக்கத்தில் வலியின்றி, மங்கலின்றி வளரக்கூடும். "காய் தெளிவாகத் தெரிகிறதே" என்பது கண் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. இழந்த பார்வையை மீட்பது அரிது. உரிய காலத்தில் அளிக்கும் லேசர் அல்லது ஊசிச் சிகிச்சை எஞ்சிய பார்வையைக் காக்கும்.

எனவே நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதை நாங்கள் அறிவோம். அந்தக் கூலியை ஈட்டித் தருவதும் அதே கண்கள்தாம். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கியிருக்கும். ஆதலால் துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். அன்று போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்களே வண்டி ஓட்டிச் செல்ல வேண்டாம்.