வாடகை வீட்டுக்கு தேய்மானம் கழிக்கலாமா? கணக்கு காட்டும் முன் தெரிஞ்சுக்குங்க

வருமான வரி கணக்கை இப்போது பலர் தாங்களே தாக்கல் செய்கிறார்கள். மாடி கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வீடு கட்டி 15 வருஷமாச்சு, சுவரெல்லாம் விரிசல். இந்த தேய்மானத்தை எந்த கட்டத்தில் போடுறது?"

அப்படி ஒரு கட்டமே கிடையாது. தேடாதீங்க.

தேய்மானம் என்பது தொழில் செய்பவர்களுக்கு உள்ளது. சொந்த கட்டிடத்தில் பட்டறை நடத்துபவர் அதை கழிக்கலாம். வீட்டு வாடகை 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தனி தலைப்பில் வருகிறது. இங்கே தேய்மானம், பெயிண்ட், பிளம்பர் கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக 30 சதவீதம் கழித்து விடுகிறார்கள். பில் கேட்பதில்லை. ஒரு ரூபாய் செலவு செய்யாவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. 3 லட்சம் செலவு செய்து தளம் போட்டிருந்தாலும் அதே 30 தான். பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் உண்டு. இது தெரியாமல் வாடகையை 'இதர வருமானம்' என்று போட்டு, முழுத் தொகைக்கும் வரி கட்டுபவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

மாதம் 8 ஆயிரம் வாடகை என்றால் வருடத்துக்கு 96 ஆயிரம். சொத்து வரி 3 ஆயிரம் கட்டியிருந்தால் மீதி 93 ஆயிரம். இதில் 30 சதவீதம் 27 ஆயிரத்து 900. ஆக, வருமானமாக சேர்வது 65 ஆயிரத்து 100 மட்டுமே. வீட்டுக் கடன் இருந்தால் வட்டியையும் இதில் கழிக்கலாம்.

சொத்து வரியில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏப்ரல் முதல் மார்ச்சுக்குள் நீங்கள் கட்டிய தொகை மட்டுமே கழியும். பாக்கி வைத்தால் அந்த வருடம் கழியாது. குடித்தனக்காரர் கட்டினாலும் கழியாது.

"தொழில் வருமானம்னு காட்டுங்க, தேய்மானம் எடுத்து ரீபண்ட் வாங்கித் தர்றேன்" என்று கமிஷன் பேசுபவர்களிடம் உஷார். 2024 பட்ஜெட்டில் அந்த வழியை அடைத்து விட்டார்கள். 2024-25 நிதி ஆண்டு முதல் குடியிருப்பு வீட்டு வாடகையை வீட்டுச் சொத்து தலைப்பில்தான் காட்ட வேண்டும். வருமானத்தை குறைத்துக் காட்டியது தெரிந்தால் அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே பொய்க் கணக்கு என்றால் 200 சதவீதம். கமிஷன் வாங்கியவர் போய் விடுவார், நோட்டீஸ் உங்கள் பான் நம்பருக்குத்தான் வரும்.

கட்டில், பீரோ, ஏ.சி.க்கு என்று தனியாக வாடகை வாங்கினால் அது வேறு கணக்கு. அந்த தொகையை 'இதர வருமானம்' தலைப்பில் காட்டி, அந்த சாமான்களுக்கு மட்டும் தேய்மானம் கழிக்கலாம்.