ஏவலும் எச்சமும்: கணினி விளையாட்டொன்றிற் கட்டளைத்தொடர் எழுதுதல் பற்றிய சில குறிப்புகள்

கணினி விளையாட்டொன்றை இலக்கிய ஆய்வாளர் ஆய்வுப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். அது பொழுதைக் கொல்லும் கேளிக்கை என்றும், அதுபற்றி எழுதவேண்டியோர் பொறியியலாளரே என்றும் கருதும் மனப்பாங்கு நம்மிடையே வலுவாகவே உண்டு. நாவலும் திரைப்படமும் தத்தம் தொடக்க காலங்களில் இவ்வாறே ஒதுக்கப்பட்டன என்பதை நினைவுகூர்ந்து மேலே செல்வோம். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் 'பிட்பேர்னர்' என்னும் விளையாட்டிற் காட்சிகளுக்குப் பெரிதும் இடமில்லை. இருண்ட திரையில் எழுத்துக்களே தோன்றுகின்றன. ஆடுபவர் செய்வதும் பெரும்பாலும் எழுதுவதே. 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் 'ஸ்டீம்' தளத்தில் வெளியிடப்பட்ட இவ்விளையாட்டு இலவசமாகக் கிடைப்பது. இதன் மூலநிரலையும் எவரும் படித்துப் பார்க்கலாம். எழுத்து உடனடியாகச் செயலாகிவிடும் களம் என்ற அளவில் இது எமது துறைக்கு அந்நியமானதன்று.

இதனை எமக்கு அறிமுகஞ் செய்தவர் எம்மிடம் பயின்ற மாணவரொருவர். ஒருநாட் காலை அவர் கூறினார்: "நான் படுத்திட்டன் சேர், அது விடிய விடிய உழைச்சிருக்கு." யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் உழைத்தல் என்பது பாடுபடுதலையும் குறிக்கும், பணம் சம்பாதித்தலையும் குறிக்கும். பாடுபட்டது எது, சம்பாதித்தவர் எவர் என்ற வினாக்களை அவ்வொரு சொல் தன்னுள் அடக்கிநின்றது. இக்கட்டுரை அவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றதன் பயனாகும்.

விளையாட்டின் உலகு எதிர்காலத்தைச் சார்ந்தது. பெருங் கூட்டுத்தாபனங்களின் ஆதிக்கத்துக்கு உட்பட்டது. ஆடுபவரிடம் தொடக்கத்தில் இருப்பது 8 கிகாபைட் நினைவகங் கொண்ட வீட்டுக் கணினி ஒன்றே. முனையம் எனப்படும் கட்டளைத் திரையில் அவர் சொற்களைத் தட்டெழுதுகிறார். 'ஸ்கேன்' என எழுதினால் அண்மையிலுள்ள சேவையகங்களின் பெயர்கள் வரும். 'கனெக்ட்' என எழுதி ஒன்றன் பெயரைச் சேர்த்தால் அங்கு செல்லலாம். அதன் காவலை உடைத்தபின் 'ஹேக்' என எழுதினால் அங்குள்ள பணத்தின் ஒரு பகுதி கைக்கு வரும். வலையமைப்பு முழுவதும் பாவனையானது. எந்த உண்மைக் கணினியும் தீண்டப்படுவதில்லை. ஆயினும் கட்டளைச் சொற்களிற் பல உண்மையானவை. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்', கோப்பினைப் படித்துக்காட்டும் 'கேட்', இயங்குவதை நிறுத்தும் 'கில்' ஆகியவை 1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிவைத்த யுனிக்ஸ் மரபின் சொற்கள். அவை இத்துணைச் சுருங்கியிருப்பதற்கு அக்காலத் தட்டச்சு முனையங்களின் மந்தகதியும் ஒரு காரணம். கருவியின் வறுமை மொழியின் உருவத்திற் பதிந்துகிடப்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

முனையத்தில் எழுதப்படும் சொல் எவ்வகையானது? எமது இலக்கண மரபிற் கூறுவதாயின் அது ஏவல் வினை. செய் என்றதும் செயல் நிகழ்கிறது; நிகழ்ந்ததும் திரை மீண்டும் வெறுமையாகி அடுத்த ஏவலுக்குக் காத்திருக்கிறது. ஏவுபவர் அங்கேயே இருக்கவேண்டும் என்பது இங்கு முக்கியமானது. அவர் எழுந்து சென்றால் யாவும் நின்றுவிடும். தொடக்கத்தில் ஆடுபவர் எசமான் போலத் தோன்றினும், உண்மையில் அவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை கையை அசைக்கவேண்டிய கைவினைஞரே. நூறுமுறை பணமெடுக்க நூறுமுறை தட்டெழுத வேண்டும். இச்சலிப்பினை விளையாட்டு திட்டமிட்டே உண்டாக்குகிறது என்பது எமது எண்ணம்.

அச்சலிப்பின் எல்லையிற் கட்டளைத்தொடர் வருகிறது. ஏவல்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, கோப்பினை இயங்கவிடுவதே அது. யுனிக்ஸ் மரபில் 1979இல் வெளியான ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் கட்டளையோடு இம்முறை பெருவழக்காயிற்று. இவ்விளையாட்டில் அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும். புதியவர் எழுதும் முதற்றொடர் ஏறத்தாழ ஒரே அமைப்புடையது. என்றும் ஓயாத சுழலொன்று. அதனுள் மூன்று வழிகள். சேவையகத்தின் காவல் அளவு குறித்த வரம்பை மீறியிருப்பின் 'வீக்கன்' கொண்டு அதனைத் தளர்த்துக. காவல் தளர்ந்திருந்தும் பணம் குறைந்திருப்பின் 'குரோ' கொண்டு அதனைப் பெருக்குக. இரண்டும் இல்லையேல் 'ஹேக்' கொண்டு எடுத்துக்கொள்க. பின்னர் மீண்டும் தொடக்கத்துக்குச் செல்க.

இவ்வொழுங்கிற்குக் காரணமுண்டு. ஒவ்வொரு முறை பணமெடுக்கும்போதும் காவல் சிறிது உயர்கிறது. காவல் உயர்ந்தால் அடுத்த முயற்சிக்கு நேரம் கூடும், தோல்விக்கும் வாய்ப்புக் கூடும். எடுத்துக்கொண்டே இருந்தாற் பணமும் வற்றிவிடும். பெருக்குதற்கு எடுத்தலைப்போல 3.2 மடங்கு நேரமும், தளர்த்துதற்கு 4 மடங்கு நேரமும் பிடிக்கும். ஆகவே திறமை என்பது வேகமாகப் பறிப்பதில் இல்லை. கறவைப் பசுவைப் பேணுவது போலச் சேவையகத்தைப் பேணிப் பறிப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு செயலும் முடியும்வரை காத்திருக்கும்படி எழுதுபவர் கட்டளையிடவும் வேண்டும். காத்திராது சுழலும் தொடரை இயக்கினால் விளையாட்டு முழுவதும் உறைந்துபோகும். புதியவர் பலர் இதனைப் பட்டே அறிகின்றனர். நாமும் அவ்வாறே அறிந்தோம்.

மொழிநிலையில் இங்கு நிகழ்ந்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். முனையத்தில் இருந்தது ஏவல் மட்டுமே. கட்டளைத்தொடரில் 'மீறியிருப்பின்', 'குறைந்திருப்பின்' என்ற நிபந்தனைகள் புகுந்துவிட்டன. நன்னூலார் 'செயின்' என்னும் வாய்பாட்டால் வகுத்த வினையெச்சம் இது. எச்சம் தன்னளவில் முற்றுப்பெறாதது. வரவிருக்கும் ஒன்றை நோக்கி நிற்பது. ஏவல் இக்கணத்துக்குரியது, நிபந்தனை இன்னும் வாராத கணங்களுக்குரியது. ஏவுபவர் முன்பு திரையைப் பார்த்துத் தாமே செய்த தீர்மானங்கள் இப்போது எழுத்துக்குள் இடம்பெயர்ந்துள்ளன. கை மட்டுமன்றிக் கண்ணும் கருத்தும் இடம்பெயர்ந்துள்ளன. அவர் உறங்கச் செல்லக்கூடியது இதனாலேயே.

இவ்விடப்பெயர்ச்சிக்கு விளையாட்டு ஒரு விலையும் விதித்திருக்கிறது. எந்தத் தொடரும் இயங்குவதற்கு அடிப்படையாக 1.6 கிகாபைட் நினைவகம் வேண்டும். ஹேக் கட்டளைக்கு 0.1, குரோ, வீக்கன் ஒவ்வொன்றுக்கும் 0.15, ஆக 2 கிகாபைட். காவலை அளந்து பார்க்க 0.1, பணத்தை அளந்து பார்க்க 0.1 எனச் சேர்ப்பின் 2.2 ஆகும். வீட்டுக் கணினியின் 8 கிகாபைட்டிற் கண்ணில்லாத தொடர்கள் நான்கினை ஒருங்கே இயக்கலாம். கண்ணுள்ளவை மூன்றினையே இயக்கலாம். 4 கிகாபைட் மட்டுமே கொண்ட முதற் சேவையகத்திலோ கண்ணில்லாதவை இரண்டு, கண்ணுள்ளது ஒன்றே. எனவே தேர்ந்த ஆட்டக்காரர் தொழிலைப் பிரித்துவிடுகின்றனர். ஒரே தொழிலைக் குருட்டுத்தனமாகச் செய்யும் சிறு தொடர்கள் நூற்றுக்கணக்கில் வலையமைப்பெங்கும் பரப்பப்படுகின்றன. அளந்து தீர்மானிக்கும் ஒரேயொரு தொடர் வீட்டிலிருந்து அவற்றை ஏவுகின்றது. மேற்பார்வையும் உழைப்பும் வேறாகும் தொழிற்சாலை முறையினை எவரும் கற்பிக்காமலே, நினைவகச் சிக்கனத்தின் நிர்ப்பந்தத்தால் மட்டும், ஆடுபவர் தாமே கண்டுபிடித்துக்கொள்கிறார். வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தை விளக்க விரிவுரைமண்டபத்தில் நாம் படும்பாட்டினை எண்ணும்போது இது சற்றுப் பொறாமையையும் ஊட்டுகிறது.

மார்க்ஸ் 1857-58இல் எழுதிய குறிப்பேடுகளில், உழைப்பாளியின் திறனும் சமூகத்தின் பொது அறிவும் இயந்திரத்துட் புகுந்து, மூலதனத்தின் இயல்பேபோலத் தோற்றமளிப்பதை விளக்கினார். உழைப்பாளி செயலின் நடுவிலிருந்து விலகி அதன் அருகே காவலாளியாக நிற்கும் நிலை அங்கு பேசப்படுகின்றது. முனையத்திலிருந்து கட்டளைத்தொடருக்குச் செல்லும் ஆட்டக்காரர் அதே பாதையைச் சில மணிநேரத்திற் கடந்துவிடுகிறார். ஆனால் இங்கு ஒரு சலுகை: திறனை இழப்பவரும் இயந்திரத்துக்கு உடைமையாளரும் ஒருவரே. விளையாட்டின் மகிழ்ச்சி முழுவதும் இச்சலுகையின்மீது எழுப்பப்பட்டது என்றே கூறலாம்.

பறிக்கப்படும் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதில் விளையாட்டு வாய்மூடியிருக்கிறது. 'குரோ' என்றதும் பணம் வளர்கிறது, வளர்ப்பவர் எவருமில்லை. பெயர்களை நோக்கினால் மட்டும் ஒரு சமூகம் மங்கலாகத் தெரியும். தொடக்க நிலையினர் உடைக்கக்கூடிய சேவையகங்கள் ஒரு நூடில்ஸ் கடை, ஒரு சுஷிக் கடை, ஒரு தேநீரகம் ஆகியவற்றுக்குரியன. மாபெருங் கூட்டுத்தாபனங்களைத் தொடுவதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட திறன்நிலை வேண்டும். அமைப்பை எதிர்க்கும் கலகக்காரராகத் தம்மைக் கற்பனைசெய்யும் ஆட்டக்காரர் முதலிற் சுரண்டுவது தெருவோரச் சிறுவணிகரையே. பிற்கட்டமொன்றில் அவர் தாமே கூட்டுத்தாபனம் நடத்தலாம். அங்கு ஊழியர் இருக்கின்றனர். ஆயின் சக்தி, மனநிலை என்னும் எண்களாகவே இருக்கின்றனர். தேநீர் வாங்கிக்கொடுத்தாற் சக்தி உயரும், விருந்து வைத்தால் மனநிலை உயரும். சம்பள உயர்வு கோரி அவர்கள் ஒருபோதும் வேலைநிறுத்தம் செய்வதில்லை.

எனினும் எமது சிந்தனையை மிகுதியும் ஈர்த்தது வேறொரு விதி. உடலை மேம்படுத்தும் சாதனங்களைப் பொருத்திக்கொள்ளும் போதெல்லாம் ஆட்டக்காரர் தொடக்கத்துக்கே திரும்புகிறார். பணம் போகும், பெற்ற திறன்நிலைகள் போகும், விலைக்கு வாங்கிய சேவையகங்களும் போகும். வீட்டுக் கணினியில் எழுதி வைத்திருக்கும் கட்டளைத்தொடர்கள் மட்டும் அழிவதில்லை. அக்கணினிக்குச் சேர்த்த நினைவகமும் எஞ்சும். ஆகவே முன்னர் பல நாட்களிற் கடந்த தூரத்தை இரண்டாம் முறை ஒரு மாலைப்பொழுதிலே கடக்க முடிகின்றது. எழுதியது எழுதியவரிடமே தங்குகிறது.

நடைமுறை உலகின் விதி இதற்கு நேர்மாறானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்புக்குரிய ஆக்கங்களைக் கூறுமிடத்து நூல், சிறுநூல், கட்டுரை ஆகியவற்றோடு கணினிச் செய்நிரலையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. செய்நிரல் எழுதுபவரைச் சட்டம் ஓர் எழுத்தாளராகவே ஏற்றுக்கொள்கிறது என்பது இலக்கிய மாணவருக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் அதே சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டாலன்றி, ஊழியரொருவர் தமது தொழிலின்போது ஆக்கியவற்றின் பொருளாதார உரிமைகள் தொழில்தருநருக்கே உரியவை. விலகிச் செல்லும்போது ஊழியர் தமது திறனையும் பெற்ற ஊதியத்தையும் கொண்டுசெல்லலாம். எழுதியதைக் கொண்டுசெல்ல முடியாது. விளையாட்டில் எது அழிந்ததோ அது இங்கு எஞ்சுகின்றது, எது எஞ்சியதோ அது இங்கு பறிபோகின்றது.

மேலே குறிப்பிட்ட மாணவர் பட்டம்பெற்றபின் கொழும்பிலுள்ள நிறுவனமொன்றிற் பணியில் அமர்ந்தார். நாள்தோறும் மூவர் அமர்ந்து மாலைவரை செய்த அறிக்கைத் தொகுப்பினை, விளையாட்டிற் கற்ற பழக்கத்தால், ஒரு கட்டளைத்தொடராக எழுதிவிட்டார். வேலை சில நிமிடங்களில் முடியலாயிற்று. மேலாளர் பாராட்டினார். ஆறு மாதங்களில் மூவருள் இருவர் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அவர்களின் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு மாணவரும் விலகினார். தொடர் இன்றும் அங்கே இயங்குவதாக அறிகிறோம். அண்மையில் எம்மைச் சந்தித்தபோது, இரவிற் படுக்கப் போகும்வேளை அதன் நினைவு வருவதுண்டு என்றார். "அது இப்பவும் உழைக்குது சேர்" என்றார். இம்முறை அச்சொல்லின் இரு பொருள்களுள் எதனைக் கருதினார் என நாம் கேட்கவில்லை.