உங்களுக்குத் தெரியுமா? லுபுண்டு மாற்றிய டெஸ்க்டாப்

2018 அக்டோபரில் வெளிவந்த லுபுண்டு இயங்குதளத்தின் 18.10 பதிப்பில், அதுவரை இருந்த எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்புக்குப் பதில் எல்எக்ஸ்கியூட்டி வந்தது. பழையது சார்ந்திருந்த ஜிடிகே 2 நிரல்தொகுப்பின் வளர்ச்சி நின்றுபோனது ஒரு காரணம். எல்எக்ஸ்டிஇயைத் தொடங்கிய தைவானின் ஹாங் ஜென் யீ, 2013இல் தாமே கியூட்டி என்ற வேறொரு நிரல்தொகுப்பின் பக்கம் திரும்பினார். பின்னர் ரேசர்-கியூட்டி டெஸ்க்டாப்பின் குழுவும் சேர்ந்துகொள்ள, எல்எக்ஸ்கியூட்டி உருவானது. லுபுண்டு 18.10இல் சாளரங்களை நிர்வகிக்கும் ஓப்பன்பாக்ஸ் மட்டும் மாறவில்லை. நிறுவும் வேலை கலமாரெஸ் மென்பொருளுக்குப் போனது. ஆவணங்களுக்கான அபிவேர்டு, விரிதாள்களுக்கான நூமெரிக் இருந்த இடத்துக்கு லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பு வந்தது. எளிய கணினிகளுக்கென்று பெயர்பெற்ற அமைப்பில் இது சற்றுக் கனமான விருந்தாளிதான். 32 பிட் கணினிகளுக்கான வெளியீடு அடுத்த பதிப்பான 19.04 முதல் நிறுத்தப்பட்டது.