மன அழுத்தக் காலத்தில் வீட்டில் பிரவுனி சுடுதல்: ஆறுதல் எங்கிருந்து கிடைக்கிறது?

வெள்ளகோவிலும் அதைச் சூழ்ந்த காங்கயம் வட்டாரமும் விசைத்தறி, எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, தென்னை, முருங்கை ஆகியவற்றை நம்பி வாழும் பகுதிகளாகும். இத்தொழில்களில் வருமானம் எப்போதும் சீராக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்முதலாகும் முருங்கைக்காயின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நூல் விலை உயரும்போது தறிக்கு வேலை குறைகிறது. கூலி உயர்வு கோரி 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நடைபெற்ற வேலைநிறுத்தங்களின்போது விசைத்தறிகள் பல வாரங்கள் ஓடவில்லை. இத்தகைய காலங்களில் கடன், தேர்வு, நோய், குடும்பப் பிணக்கு ஆகியவையும் சேர்ந்துகொண்டால் மன அழுத்தம் மிகுவது இயல்பு.

அப்போது பலர் அடுப்படியில் ஆறுதல் தேடுகின்றனர். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபின், வீட்டிலேயே கேக், ரொட்டி, பிரவுனி சுடும் பழக்கம் பரவியது. உலகின் பல நாடுகளில் கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் தட்டுப்படும் அளவுக்கு இவ்வழக்கம் பெருகியது. பிரவுனி என்பது கோகோ தூள் சேர்த்துச் சுடப்படும் தட்டையான, ஈரப்பதம் மிகுந்த கேக் வகையாகும். கொங்கு வீடுகளில் கச்சாயம், ஒப்புட்டு, எள்ளுருண்டை, கடலை உருண்டை ஆகியன வகித்துவந்த இடத்தை இளைய தலைமுறையினரிடையே இதுவும் பெற்றுள்ளது.

இப்பழக்கம் மனத்துக்கு உண்மையிலேயே நன்மை தருகிறதா, அந்நன்மை செய்வதால் வருகிறதா, உண்பதால் வருகிறதா என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மன அழுத்தத்தின்போது இனிப்பை நாடுவது ஏன்?

மன அழுத்தம் ஏற்படும்போது அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இவை இரத்தத்தில் குளுக்கோஸின் அளவை உயர்த்தி, உடலை உடனடிச் செயலுக்கு ஆயத்தப்படுத்துகின்றன. அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால், கார்ட்டிசால் பலருக்குப் பசியைத் தூண்டுகிறது. குறிப்பாக இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவின் மீது நாட்டம் உண்டாகிறது. சிலருக்கு இதற்கு மாறாகப் பசியே எடுக்காமலும் போகலாம். எனவே இனிப்பு நாட்டத்தை மனவுறுதிக் குறைவு என்று கருதி வருந்த வேண்டியதில்லை.

ஆறுதல் உண்பதிலா, செய்வதிலா?

விருப்ப உணவு மனநிலையை மாற்றுகிறதா என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2014-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். சோகமூட்டும் காட்சிகளைப் பார்த்தவர்களுள் சிலர் தமக்கு ஆறுதல் தரும் உணவை உண்டனர். சிலர் வேறு உணவை உண்டனர். சிலர் எதையும் உண்ணவில்லை. சிறிது நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் ஏறத்தாழ ஒரே அளவில் சீரடைந்தது. மனம் தானே மீண்டதற்கான பெருமையை நாம் உணவுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

செய்யும் செயலின் பயன் வேறானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 658 இளைஞர்களை 13 நாள்கள் நாட்குறிப்பு எழுதச் செய்து ஆராய்ந்தனர். புதிய சமையல் செய்முறை, பின்னல் வேலை, ஓவியம் போன்ற படைப்புச் செயல்களில் ஒரு நாள் ஈடுபட்டவர்கள், மறுநாள் கூடுதல் உற்சாகத்தை உணர்ந்ததாகத் தெரிவித்தனர். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளுள் ஒன்றும் இதே அடிப்படையில் அமைந்துள்ளது. மனம் சரியான பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறிய, முடிக்கக்கூடிய ஒரு செயலை முதலில் தொடங்குவதே அம்முறையாகும்.

பிரவுனி சுடுவதில் இக்கூறுகள் அனைத்தும் உள்ளன. அளப்பதிலும் கலப்பதிலும் கவனம் நிலைப்பதால் கவலை சுழல்வது சிறிது நேரம் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கிறது. பிறருடன் பகிர்ந்துகொள்ள ஒரு காரணமும் அமைகிறது.

16 துண்டுகளுக்கான எளிய செய்முறை

தேவையானவை: கோதுமை மாவு அல்லது பாதியளவு கேழ்வரகு மாவு கலந்த கோதுமை மாவு 100 கிராம், இனிப்பூட்டப்படாத கோகோ தூள் 40 கிராம், நாட்டுச்சர்க்கரை 120 கிராம், கடலை எண்ணெய் 80 மி.லி., முட்டை 2, பால் 60 மி.லி., வறுத்து உடைத்த நிலக்கடலை 50 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

முட்டை, சர்க்கரை, எண்ணெய், பால் ஆகியவற்றை நன்கு அடித்துக் கலக்கவும். மாவு, கோகோ தூள், பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, கட்டியின்றி மெதுவாகக் கிளறவும். நிலக்கடலையைத் தூவி, எண்ணெய் தடவிய 20 செ.மீ. தட்டில் ஊற்றவும். முன்னரே 175 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடாக்கிய அடுப்பில் 20 முதல் 25 நிமிடம் வரை சுடவும். மின் அடுப்பு இல்லாதவர்கள், மூடியுள்ள கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் வரை சுடலாம். பிரஷர் குக்கரை நீரின்றிச் சூடாக்குவதைத் தவிர்க்கவும். வேகாத மாவில் பச்சை முட்டை இருப்பதால் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு உண்ணலாம்?

மேற்கண்ட அளவில் ஒரு துண்டில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரையும் சுமார் 125 கிலோகலோரி ஆற்றலும் இருக்கும். நாள்தோறும் 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் வைப்பது மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலிருந்து பெறப்படுகிறது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்த தேநீரை நாளொன்றுக்கு மூன்று முறை அருந்துபவர், அந்த 25 கிராமைத் தேநீரிலேயே எட்டிவிடுகிறார். ஆகவே பிரவுனி உண்ணும் நாளில் தேநீரில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இப்பகுதியில் பெயர் பெற்றது. ஆயினும் நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தா என்ற நம்பிக்கை தவறானது. அவற்றின் பெரும்பகுதியும் சர்க்கரையே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மன அழுத்தமே இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்பதால், இக்காலத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இனிப்பு குறித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கோகோவில் சிறிதளவு காஃபின் உள்ளது. தூக்கக் குறைவு உடையோரும் இரவுப் பணி முடித்து உறங்கச் செல்வோரும் படுக்கைக்கு முன் இதைத் தவிர்க்கவும். தனியே அமர்ந்து தட்டோடு உண்பதைவிட, இரண்டொரு துண்டுகளை எடுத்துக்கொண்டு மீதியை வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது.

யார் செய்வது?

நாள்தோறும் மூன்று வேளையும் சமைப்பவருக்கு, வீட்டார் கேட்டதற்காகப் பிரவுனி சுடுவது மேலும் ஒரு வேலைச்சுமையாகவே அமையும். விரும்பித் தேர்ந்த செயலே ஆறுதல் தரும். வேலையிழந்து வீட்டில் இருக்கும் ஆண்கள், தேர்வை எதிர்நோக்கும் மாணவர்கள், பெரியவர் துணையுடன் சிறுவர்கள் ஆகியோர் இதைச் செய்து, பாத்திரங்களையும் தாமே கழுவி வைத்தால், வீட்டில் மற்றொருவருக்கும் ஓய்வு கிடைக்கும். சுடுவதில் நாட்டம் இல்லாதவர்களுக்குத் தோட்ட வேலை, கோலம், தையல் ஆகியனவும் இதே பயனைத் தரும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

இத்தகைய செயல்கள் இடைக்கால ஆறுதலே. சிகிச்சைக்கு மாற்று அல்ல. பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால் தாமதியாமல் உதவி பெற வேண்டும்:

• இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனச்சோர்வு நீடித்தல்
• முன்பு மகிழ்ச்சி தந்த செயல்களில் நாட்டமின்மை
• உறக்கமின்மை அல்லது மிகுதியான உறக்கம்
• கட்டுப்பாடின்றி உண்டு, பின் குற்ற உணர்வால் வருந்துதல்
• மதுவை நாடுதல்
• வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் அல்லது தற்கொலை எண்ணம்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகி, மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவைகளைப் பெறலாம். 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவரைத் தனியே விடக் கூடாது. அவருக்கு அறிவுரை கூறுவதற்கு முன் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, உடன் இருந்து, இவ்வெண்களை அழைக்க உதவவும்.