மலர்ப் பணியும் மன நலமும்

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தை அடுத்த வளையமாதேவி, நெல் வயல்கள் சூழ்ந்த ஊர். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்ப் பணிக்காக இங்கு நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்ட காட்சி பலரைக் கலங்கச் செய்தது. வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதியும் தம் வேதனையை வெளியிட்டார். நிலத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு கணக்கிடலாம். விடியலில் வரப்பில் நடந்து, மடை திறந்து, பயிரைப் பார்த்து வந்த முதியவரின் காலைப் பொழுதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பயிரோடு பழகிய மனம் பசுமையை இழந்தால் வாடும். மீண்டும் அதனோடு சேர்ந்தால் தேறும். இதனை இம்மாவட்டத்துத் திருவதிகையே காட்டுகிறது. திலகவதியார் பெற்றோரை இழந்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையாரையும் போரில் இழந்தார். தம்பிக்காகவே உயிர் தாங்கிய அவர், அதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து, மாலை தொடுத்து வாழ்ந்தார் என்கிறது பெரியபுராணம். அத்தம்பியே பின்னர் உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசர். துயரத்தைப் பேசித் தீர்க்க இயலாதபோது, கைகளுக்குப் பணி கொடுப்பது நம் முன்னோர் கண்ட வழி.

மருத்துவ உலகும் இதனை ஒட்டியே பேசுகிறது. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றோரைப் பற்றி ரோஜர் உல்ரிச் 1984இல் ஆய்வொன்றை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். அவர்களுக்கு வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

முதியோர் தத்தம் ஆலய அலுவலகத்தில் அனுமதி பெற்று, வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நந்தவனப் பணி செய்யலாம். துளசிக்கு நீர் வார்க்கலாம், நந்தியாவட்டை பறிக்கலாம். அரளியின் பால் நஞ்சு. தொட்டால் கை கழுவ வேண்டும். குனிய இயலாதோர் திண்ணையில் தொட்டி வைத்து வளர்க்கலாம். அமர்ந்து பூத் தொடுக்கலாம். நால்வர் கூடிச் செய்தால் தனிமையும் அகலும்.

உறக்கமின்மையும் சோர்வும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுவதே முறை. அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வளையமாதேவியின் வயலுக்கு நந்தவனம் ஈடாகாது. ஆயினும் இன்று நட்ட செடி துளிர்த்ததா என்று நாளைக் காலை பார்க்க வேண்டும் என்னும் எண்ணம், முதியவரை எழுப்பி நடக்கச் செய்யும். அவர் தொடுத்த மாலை அன்றைய பூசைக்கும் சேரும்.