டேஷ்போர்டை மூட முதல்

ஜப்பானில் ஓடிய வேனைக் கல்முனைக்குக் கொண்டுவந்து ரேடியோவைப் போட்டால் நம் நிலையங்களில் பெரும்பாலானவை கேட்காது. அங்கே எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இலோ, புதிய செட் என்றால் 95இலோ முடிந்துவிடும். இங்கே 108 வரை போகிறது. போதாக்குறைக்குத் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. அதனால்தான் வேன் வாங்கிய கையோடு பழைய செட்டைக் கழற்றிவிட்டு சீனத்து அண்ட்ரொய்ட் பிளேயர் ஒன்றைப் பூட்டுகிறோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் பழைய டொல்பின் வேனையே சிங்காரித்துக்கொண்டு ஓடியவர்கள் நம்மில் அதிகம். ஒரே வயரை மூன்று தடவை வெட்டி மூன்று தடவை ஒட்டிய வேன்களும் உண்டு.

என்னுடையதும் அவற்றில் ஒன்று. சுபஹு தொழுதுவிட்டு மட்டக்களப்புக்குப் புறப்படச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. செட் பூட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை. பூட்டிய கடைக்குப் போனேன். "பெட்டரி பழசு காக்கா, அதை மாத்துங்க" என்றார்கள். மாற்றினேன். நாலாம் நாள் திரும்பவும் டிக் டிக். பில் கேட்காமல் வந்தவன் என்பதால் வாதாடக் கையில் ஒன்றும் இல்லை.

கடைசியில் தெரிந்த வயரிங் பாஸ் ஒருவர் டேஷ்போர்டைக் கழற்றினார். செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மஞ்சளுக்கு எந்நேரமும் பெட்டரி மின்சாரம் வரவேண்டும். மணிக்கூடும் பதிந்துவைத்த நிலையங்களும் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பிய பிறகுதான் வரவேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் செட் தூங்கவே தூங்காது. அரை அம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணி பெட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். "சாவி இல்லாமலும் பாட்டுக் கேக்கட்டும் எண்டு செஞ்சிருப்பாங்க" என்றார் பாஸ். அப்படியொரு ஆசையைக் கடையில் சொன்னது நான்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் சரி என்று தலையாட்டியவர், அதனால் பெட்டரி இறங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டேப்பைப் பிரித்தபோது அதைவிடப் பெரிய விஷயம் தெரிந்தது. வெயிலில் பசை இளகி, டேப் சுருள் அவிழ்ந்து நின்றது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நம் வாகனங்கள் உப்புக் காற்றில்தான் நிற்கின்றன. முறுக்கிய இணைப்பில் அந்த உப்பீரம் நுழைந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு பிறக்கும். ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அதைவிட நல்லது, வாகனத்தின் சொக்கட்டை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் ரெடிமேட் சொக்கட்டை வாங்கிச் செருகச் சொல்வது. நிறத்தை நம்பி வெட்டுவது ஆபத்து. பல டொயோட்டா வாகனங்களில் நிரந்தர மின்சாரம் மஞ்சள் கோடு போட்ட நீலத்தில் வரும், சாவி மின்சாரம் சாம்பல் நிறத்தில், பூமி வயர் கபிலத்தில். செட்டின் பெட்டியில் போட்ட நிறப்படம் செட்டுக்கு மட்டும்தான். வாகனப் பக்கத்தை மீற்றர் வைத்துப் பார்க்காமல் தொடக்கூடாது.

பெட்டரி இறங்கினால் காசோடு போகும். பியூஸ் விஷயம் அப்படியல்ல. பியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற என்று நினைக்கிறோம். உண்மையில் அது வயரைக் காப்பாற்றத்தான். 10 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போட்டால், எங்காவது ஷோர்ட் ஆகும்போது பியூஸ் எரிவதற்கு முன் வயர் எரியும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கிற கெட்டிக்காரத்தனத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அம்ப்ளிபயர் போடுகிறவர்கள் பெட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுப்பார்கள். அதன் பியூஸ் பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால், நடுவில் சீட்டுக்கு அடியில் இரும்பில் தேய்கிற வயருக்குக் காவல் யார்?

அறுகம்பைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக வேனுக்குள் படுக்கை, ஃபேன், பாட்டு என்று வசதி செய்பவர்கள் இரண்டாவது பெட்டரி ஒன்றை வைத்து செட்டை அதில் கொடுக்கலாம். எஞ்சின் நிற்கும்போது இரண்டு பெட்டரியும் பிரிந்து நின்றால், விடிய விடியப் பாட்டுப் போட்டாலும் ஸ்டார்ட் பெட்டரி பிழைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு பெட்டரியையும் இணைக்கிற வயருக்கு இரு முனையிலும் பியூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் மின்சாரம் உள்ள வயர் அது.

காப்புறுதியையும் மறக்கவேண்டாம். பெரிய செட், அம்ப்ளிபயர் பூட்டினால் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்குப் பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்த பிறகு சொல்கிற விளக்கம் எடுபடாது.

இனி உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். செட் விற்றது ஒன்று, பூட்டியது இன்னொன்று, இரண்டுக்கும் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரணையில் பிழை தெரிந்தால் பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. விவரம் கேட்க 1977. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று கடைச் சுவரில் தொங்குகிற பலகை சட்டத்தை வெல்லாது.

அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம் அம்பாறை நகரத்தில். சிங்களத்தில் எழுதத் தெரியாதே என்று நம்மவர்கள் தயங்குவது அங்கேதான். கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கு ஊரிலேயே இணக்க சபை இருக்கிறது. கடைக்காரரும் தெரிந்தவர், நாளை கல்யாண வீட்டில் ஒரே சஹனில் கை வைக்கவேண்டியவர் என்றால் அதுவே நல்ல வழி.

இதற்கெல்லாம் கையில் துண்டு வேண்டும். செட்டின் மொடல், தொடர் இலக்கம், பூட்டிய திகதி, கூலி, உத்தரவாதக் காலம், போட்ட பியூஸ் எத்தனை அம்பியர் என்று ஐந்தாறு சொல் எழுதிய துண்டு. டேஷ்போர்டை மூட முதல் இணைப்புகளைப் போனில் படம் எடுத்துக்கொள்வதும் அதே ரகம். பாஸ் வேலையை முடித்தபோது பில் கேட்டேன். சிரித்தார். பிறகு பல்ப் பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதினார்: "மஞ்சள் பெட்டரி 10A. சிவப்பு சாவி. பூமி பொடியில." கீழே கையெழுத்தும் வைத்துத் தந்தார். வேனின் பெட்டிக்குள் லைசன்ஸோடு இப்போதும் கிடக்கிறது.